கேமல்பேக் மலை

கேமல்பேக் மலை என்பது ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் அமைந்துள்ள ஒரு பாலைவன மலையாகும். இதன் உயரம் சுமார் 824 மீட்டர். படுத்திருக்கும் ஒட்டகத்தின் தலையையும் திமிலையும் ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது.

நிலவியல்

திமில் பகுதி 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கருங்கல்லால் ஆனது. தலைப் பகுதி மிகவும் பிற்காலத்தில் உருவான செந்நிறப் படிவுப் பாறையாகும்.

மலையேற்றம்

எக்கோ கேன்யன் பாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவிலேயே 380 மீட்டர் உயர்கிறது. மிகச் செங்குத்தான இடங்களில் உலோகக் கைப்பிடிகள் பொருத்தப்பட்டுள்ளன.

வெப்ப ஆபத்து

பாதை குறுகிய தொலைவுடையது என்பதால் பலர் போதிய நீரின்றி ஏறுகின்றனர். கோடையில் வெப்பநிலை 43 பாகை செல்சியசைத் தாண்டும். பிற்பகலில் காற்றின் வெப்பம் உச்சத்தை அடைவதோடு, காலை முதல் வெயிலில் காய்ந்த பாறைகளும் வெப்பத்தை உமிழ்கின்றன. நிழல் மிகக் குறைவு. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாவதால், உடல் இழக்கும் நீரின் அளவு எளிதில் உணரப்படுவதில்லை. இறங்குவதற்கும் நீர் தேவை. எனவே கொண்டு சென்ற நீரில் பாதி தீர்ந்ததும், உச்சியை எட்டாவிடினும், திரும்பிவிடுவதே பாதுகாப்பானது. கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகல் வேளையில் பாதைகளை மூடும் நடைமுறையை நகர நிர்வாகம் 2021இல் தொடங்கியது.