மூன்று மில்லிமீட்டர் கணக்கு

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கஷ்டப்படுவது எஞ்சின். இறங்கும்போது கஷ்டப்படுவது பிரேக். ஊர் திரும்பிய பிறகு சக்கரத்தில் 'கீச்' என்று சத்தம் கேட்டால் வண்டியை ஷெட்டில் விடுகிறோம். "பேடு போச்சு சார், டிஸ்க்கும் மாத்தணும், காலிப்பரும் சரியில்லை" என்று பட்டியல் நீள்கிறது. இதில் எது தேவை, எது வீண்? பிரேக் வேலை செய்யும் விதம் தெரிந்தால் விடையை நாமே கண்டுபிடிக்கலாம்.

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் அழுத்தம் பெறுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாகக் காலிப்பரை அடைந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் இரண்டு பேடுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. வண்டியின் வேகம் உராய்வில் வெப்பமாக மாறிக் கரைகிறது.

பேடு தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். புதிதில் அதன் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. பல பேடுகளில் சின்னத் தகடு ஒன்று உண்டு. பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று எச்சரிக்கும். ஆனால் தூசியும் ஈரமும்கூட அதே சத்தத்தைத் தரும். அதனால் காதை நம்பாமல் தடிமனை அளந்தே முடிவெடுக்க வேண்டும்.

டிஸ்க்குக்கும் இதே கணக்குதான். எந்தத் தடிமன்வரை பயன்படுத்தலாம் என்பதைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். லேசான கோடுகள் விழுந்ததற்காக மட்டும் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆயில் கசிந்தாலோ பிஸ்டன் இறுகிக்கொண்டாலோதான் காலிப்பரில் கைவைக்க வேண்டும்.

மெக்கானிக் சொல்வதையெல்லாம் ஏமாற்று என்று நினைப்பதும் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. எனவே "ரெண்டு வருஷம் ஆச்சு, பிரேக் ஆயில் மாத்துங்க" என்பவர் பெரும்பாலும் நம் உயிர்மேல் அக்கறையோடுதான் சொல்கிறார்.

ஏமாற்று எங்கே பிறக்கிறது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அதிகாரிகள், பேடு மட்டும் தேய்ந்த கார்களைச் சாதாரண வாடிக்கையாளர்போலச் சியர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் பணிமனைகளில் விட்டுப் பார்த்தார்கள். 38 முறை விட்டதில் 34 முறை தேவையில்லாத வேலை செய்யப்பட்டதாக 1992-இல் மாநில அரசு குற்றம்சாட்டியது. எவ்வளவு விற்றார்களோ அதற்கேற்ற ஊக்கத்தொகை ஊழியர்களுக்குத் தரப்பட்டதே காரணம் என்று தெரிந்தது. நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டது. அதனால் பளபளக்கும் சர்வீஸ் சென்டரிலும் அளவு கேட்கத்தான் வேண்டும்.

தோல் தொழில் ஊர்களான ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூவுக்குத் தோல் எடுப்பவர் கேஜ் வைத்துத் தடிமன் பார்க்காமல் விலை பேசுவதில்லை. அந்தப் பழக்கத்தைக் கார் ஷெட்டுக்கும் கொண்டுபோனால் போதும். "எத்தனை மி.மீ. இருக்கு? கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். உங்களைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஸ்பேரையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடவடிக்கை என்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது.

அளவு கேட்பது மெக்கானிக்கைச் சந்தேகப்படுவதாகாது. நேர்மையாக வேலை செய்பவர் சக்கரத்தைக் கழற்றி, பேடை நம் கையில் கொடுத்து, "இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைப்பார். அன்று அவருக்குக் கூலி குறையலாம். அவரைத் தேடிப்போய் வண்டியை விடுவதும், நாலு பேரிடம் அவர் பெயரைச் சொல்வதும் நம் கடமை. வாடிக்கையாளர்கள் அளவு கேட்கத் தொடங்கினால் அப்படிப்பட்டவர்களின் ஷெட்டுகள்தான் ஊரில் தழைக்கும்.