யானைப் பசிக்குச் சோளப்பொரியா?

1990 அக்டோபரில் ஜப்பானில் சேகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ கடைக்கு வந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்த நின்டெண்டோவின் ‘கேம் பாய்’ அதன் அருகில் பழசாகத் தெரிந்தது. கேம் பாய் திரையில் நான்கே சாயல்கள். பின்னொளி கிடையாது, வெளிச்சம் தேடி உட்கார்ந்து ஆடவேண்டும். கேம் கியரிலோ வண்ணத் திரை, அதன் பின்னால் ஒரு சின்ன டியூப் லைட். அந்த டியூப் லைட்தான் அதற்கு எமனாக வாய்த்தது. நான்கு டபுள்-ஏ பேட்டரியில் கேம் பாய் சுமார் 15 மணி நேரம் ஓடியது. கேம் கியர் ஆறு பேட்டரியைக் குடித்துவிட்டு 3 முதல் 5 மணி நேரத்தில் அணைந்துபோனது.

கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய்க்கு ஒரு கொள்கை உண்டு. எல்லோருக்கும் பழகிப்போன, விலை குறைந்த தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய விதத்தில் பயன்படுத்துவது. வண்ணத்தை அவர் தெரிந்தேதான் விட்டார். சந்தை அவர் பக்கம் நின்றது. ஆனாலும் கேம் கியர் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதன் பசிக்கு இன்று வீட்டிலேயே ரீசார்ஜ் செய்யும் பேட்டரி பேக் ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள்: அந்த பேக்கைக் கருவிக்கு வெளியே வையுங்கள். உள்ளே நுழைப்பதற்காக முப்பது வருடத்துக்கும் மேல் பிழைத்திருக்கும் பிளாஸ்டிக் ஓட்டைச் சிலர் அறுக்கிறார்கள். அறுத்தது அறுத்ததுதான். அடாப்டர் செருகும் துளை இருக்கிறதே, அதன் வழியாகவே மின்சாரம் கொடுக்கலாம்.

பேக் செய்யுமுன் கருவியைத் திறந்து பார்ப்பது அவசியம். கேம் கியரில் உள்ள கெபாசிட்டர்கள் கசிவதற்குப் பேர்போனவை. கசிந்த திரவம் பலகையில் உள்ள செம்புத் தடங்களை அரிக்கும். சத்தம் தேய்வதும் திரை மங்குவதும் அதன் அடையாளம். இவற்றைப் பேட்டரிக் கோளாறு என்று நினைத்துப் புது பேட்டரியாகப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கெபாசிட்டர்களை மாற்றாமல் எந்த பேக்கும் உதவாது.

இனி கணக்கு. சாதாரண ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்; ஆறு சேர்ந்தால் 9. ரீசார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2. குறைச்சலாகத் தெரிகிறதா? ஆல்கலைன் 1.5-இல் தொடங்கிச் சரிந்துகொண்டே போகும். நிக்கல் செல் கடைசி வரைக்கும் ஏறத்தாழ 1.2-இலேயே நிற்கும், அதிகக் கரண்ட் இழுத்தாலும் தாங்கும். கேம் கியரின் மின்பலகை வருகிற வோல்டேஜைத் தானே 5 வோல்ட்டாக மாற்றிக்கொள்வதால் 7.2 தாராளம். ரிமோட் கார்களுக்கும் இதே 7.2 வோல்ட் பேக்தான் என்பதால் சார்ஜர் எளிதாகக் கிடைக்கும். பேக் வெளியே இருப்பதால் டபுள்-ஏ அளவுக்குள் அடங்கவும் வேண்டாம். அந்தக் கார்களில் வரும் பருத்த செல்களைப் போட்டால் ஆடும் நேரம் இரட்டிப்பாகும்.

ஆறு செல்லும் ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு, ஒரே நேரத்தில் வாங்கியவையாக இருக்கட்டும். வரிசையாக இணைத்த செல்களில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் அது முதலில் காலியாகும். மற்ற ஐந்தும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி, அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும். செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள்; சூடு உள்ளே இருக்கும் அடைப்பைப் பதம் பார்க்கும். பட்டை வைத்தே விற்கும் செல்களை வாங்கிப் பட்டையில் ஈயம் வையுங்கள். பாசிட்டிவ் வயரில் ஒரு ஃபியூஸ். மேலே சூடுபட்டால் சுருங்கும் உறை.

லித்தியம் செல் போடக்கூடாதா என்று கேட்பார்கள். இரண்டு போட்டால் 7.4 வோல்ட், எடையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, இரண்டையும் சமமாக வைத்திருக்கப் பாதுகாப்புச் சர்க்யூட் வேண்டும், தவறினால் தீப்பிடிக்கும். முதன்முதலாகச் செய்கிறவருக்கு நிக்கல்தான் சரி. அதை மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள்: 2000 எம்ஏஎச் செல் என்றால் 200 மில்லி ஆம்பியரில் 14 முதல் 16 மணி நேரம். அவசரமே வேண்டாம்.

சேகாவின் அந்தக் கால அடாப்டர்கள் எல்லாவற்றிலும் பிளக்கின் நடுமுனை ஒரே மாதிரி இல்லை. உங்கள் கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் பிளஸ், மைனஸ் படத்தைப் பார்த்து, மல்டிமீட்டரில் சரிபார்த்த பிறகே பேக்கின் பிளக்கைச் செருகுங்கள். முழுச் சார்ஜில் மீட்டர் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஆடத் தொடங்கியதும் 7.5 பக்கம் இறங்கி நிற்கும். நிற்காமல் சடசடவென்று சரிந்தால் ஆறில் ஒன்று போய்விட்டது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் பழசும் புதுசும் கலந்துவிடும். ஆறையும் சேர்த்தே மாற்றுங்கள்.