படியேறும் பெற்றோருக்கு எந்தத் தாய்ச்சி வகுப்பு?

பத்துமலையின் 272 படிகளைக் காலையில் ஏறி இறங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வழிபாட்டுக்கு வருபவர்களோடு, உடற்பயிற்சிக்காகவே வருகிற மூத்தோரும் அங்கே உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும், சட்டை நனையும். ஆனால் கடினமான சோதனை இறங்கும்போதுதான் வருகிறது. ஒவ்வொரு படியிலும் உடலின் முழு எடையும் ஒற்றைக் காலில் நிற்க, மறுகால் கீழே இடம் தேடுகிறது. மழை பெய்திருந்தால் படி வழுக்கும். குரங்கு ஒன்று குறுக்கே பாய்ந்தால், ஒரே நொடியில் உடல் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ எழுபது வயதிலும் இப்படிச் சுறுசுறுப்பாக இருந்தால் பெருமைதான். "அவருக்கென்ன, நம்மைவிட நன்றாக நடக்கிறார்" என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் படியேறும் வலிமை வேறு, தடுமாறும்போது விழாமல் நிற்கும் திறன் வேறு. முதலாவது இருப்பதால் இரண்டாவதும் இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் ஏறக்குறைய 684,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அறுபதைக் கடந்தவர்கள். பிழைத்தவர்களிலும், இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடையைத் திரும்பப் பெறாதவர்கள் பலர். தினமும் வெளியே போய்வந்த ஒருவருக்கு அது மிகப் பெரிய இழப்பு.

மெதுவாகச் செய்வது எளிதல்ல

நாம் நிமிர்ந்து நிற்க மூன்று தகவல்கள் மூளைக்குப் போகின்றன. கண் பார்ப்பது ஒன்று. தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உட்செவி சொல்வது இரண்டு. பாதமும் கணுக்காலும் தரையை உணர்வது மூன்று. வயது ஏற ஏற மூன்றும் மங்குகின்றன. தசைகள் பதில் கொடுக்கும் வேகமும் குறைகிறது.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் அது பெரும்பாலும் நேர்கோட்டில், பழகிய வேகத்தில் நடக்கிறது. நடை மட்டுமே விழுவதைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. தாய்ச்சியில் பக்கவாட்டில் அடி வைக்கிறோம், பின்னால் போகிறோம், இடுப்பைத் திருப்புகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மிக மெதுவாக மாற்றுகிறோம். வேகமாக அடியெடுத்தால் அந்த வேகமே நம்மைத் தாங்கிக் கொண்டுபோகும். மெதுவாக எடுத்தால் தசைதான் தாங்க வேண்டும். சைக்கிளை மிக மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சிலம்பம் பழகியவர்களுக்கும் புரியும்: காலடி சரியாக வராமல் கம்பு வீச முடியாது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரங்கள் பயிற்சி. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களோடு ஒப்பிட்டால், சமநிலைக்கென்று அமைத்த தாய்ச்சியைச் செய்தவர்கள் விழுந்த வீதம் 58 விழுக்காடு குறைவு. பலவகை உடற்பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 விழுக்காடு குறைவு.

2019இல் காக்ரேன் அமைப்பு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அதில் கிடைத்த எண் அடக்கமானது: தாய்ச்சியால் விழும் வீதம் சுமார் 19 விழுக்காடு குறைந்தது. சமநிலைப் பயிற்சியும் அன்றாட அசைவுகளும் சேர்ந்த பயிற்சிகளால் சுமார் 24 விழுக்காடு குறைந்தது. ஆக, தாய்ச்சி நல்ல வழிகளில் ஒன்று. ஒரே வழி அல்ல.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓரிகன் ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே விழுந்தவர்கள் அல்லது நடமாட்டம் குறைந்தவர்கள். பத்துமலைப் படியேறும் உங்கள் அப்பா அவர்களைப் போன்றவர் அல்லர். அவர்களுக்குச் சவாலாக இருந்த பயிற்சி இவருக்கு விளையாட்டாக இருக்கலாம். சமநிலைப் பயிற்சி பலன் தர வேண்டுமானால், அது கொஞ்சமாவது தடுமாற வைக்க வேண்டும். சுறுசுறுப்பான பெற்றோருக்கு வகுப்புத் தேடும்போது முதல் அளவுகோல் இதுதான்: அவரைப் பத்திரமாகத் தடுமாற வைக்கும் வகுப்பா?

முதலில் வீட்டில் ஒரு சோதனை

அப்பாவைச் சுவரருகே நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். ஒரு பாதத்தின் குதிகால் மறுபாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி, இரு பாதங்களும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கண்களைத் திறந்தபடி, எதையும் பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல். வகுப்புக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். எளிதாக முடிந்தால் ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொல்லுங்கள். அதுவும் எளிதென்றால், நாற்காலியில் உட்கார்ந்து கையசைக்கும் வகுப்பு அவருக்குப் போதாது.

நம் சமூகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இந்த நோய் நாளடைவில் பாதத்தின் உணர்வை மழுங்கடிக்கும். தரையை உணராத பாதம் மூளைக்குத் தகவல் அனுப்பாது. ஆகவே அரசாங்கக் கிளினிக்கிற்குப் போகும்போது பாதப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். இரத்த அழுத்த மருந்தால் எழும்போது தலைசுற்றல் வருகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

எந்தப் பாணி?

தாய்ச்சியில் சென், யாங், வூ, சுன் எனப் பல பாணிகள் உண்டு. சென் பாணியில் தாழ்ந்து நிற்பதும் திடீர் வேகமும் குதிப்பும் வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் தொடங்க வேண்டாம். யாங் பாணி அகலமான, சீரான அசைவுகளைக் கொண்டது. 1956இல் சீன அரசு பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைத்த 24 அசைவு வரிசையும் இதிலிருந்தே வந்தது. சுன் பாணியில் உயரமாக நின்று, ஒரு கால் முன்னே போனால் மறுகாலும் பின்தொடரும். மூட்டுவாதக்காரர்களுக்கென்று மருத்துவர் பால் லாம் 1997இல் அமைத்த பயிற்சி பெரும்பாலும் இதைத் தழுவியது.

இங்கே 37 அசைவு வரிசை என்ற பெயரும் காதில் விழலாம். செங் மன்-சிங் யாங் பாணியைச் சுருக்கி அமைத்தது அது. அவருடைய மாணவர் ஹுவாங் செங் ஷியான் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கற்பித்து அந்த மரபைப் பரப்பினார். பாணியைவிடக் கற்பிப்பவர் முக்கியம். எனவே பெயரைக் கேட்டு மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

போய்ப் பாருங்கள்

தொலைபேசியில் கட்டணம் கேட்பதோடு நிறுத்தாமல், அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் முன்னால் நின்று ஆடிவிட்டுப் போகிறாரா, மாணவர்களுக்கு இடையே நடந்து திருத்துகிறாரா? முழங்கால், பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே மடங்குகிறதா என்று பார்க்கிறாரா? அடி வைத்தபின் முழங்காலை மட்டும் முறுக்குவதுதான் வலி வரும் வழி. ஒரே அசைவுக்கு உயரமாகவும் தாழ்வாகவும் இரண்டு மூன்று அளவுகள் காட்டுகிறாரா? அப்படியானால் ஆறு மாதம் கழித்தும் அம்மாவுக்கு அங்கே கற்க ஏதாவது இருக்கும்.

மொழியையும் பாருங்கள். பூங்காக்களில் பல குழுக்கள் மாண்டரினிலோ கந்தோனீசிலோ நடக்கின்றன. பார்த்தே பெரும்பகுதியைக் கற்கலாம். ஆனால் முழங்காலைத் திருத்த இரண்டு சொல்லாவது புரிய வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்குவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இது வேறு மத வழிபாடோ என்று தயங்குபவர்களுக்கு: தாய்ச்சி போர்க்கலையிலிருந்து வந்த உடற்பயிற்சி. அதைப் பழக எந்த நம்பிக்கையும் தேவையில்லை.

தரை சமமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். தொடக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சுவரோ கம்பியோ அருகில் இருப்பது நல்லது. மழைக்கும் புகைமூட்டத்துக்கும் கூரையுள்ள மாற்று இடம் இருக்கிறதா? சிலிப்பர் வேண்டாம், குதிகாலைப் பிடித்து நிற்கும் தட்டையான காலணி போதும். மூத்தோருக்காகச் சமூகநல இலாகாவின் ஆதரவில் இயங்கும் 'பாவே' நடவடிக்கை மையங்களிலும் விசாரிக்கலாம்.

"மருந்தை நிறுத்திவிடலாம்" என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து விலகிவிடுங்கள். "வலித்தாலும் தாங்கு" என்பவரிடமிருந்தும் அப்படியே. தொடை களைத்துப்போவது பயிற்சி. முழங்காலில் குத்தும் வலி எச்சரிக்கை.

எத்தனை நாள்?

65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வகுப்பு இரண்டு நாள், வீட்டில் ஒரு நாள் என்று தொடங்கலாம். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். விட்டுவிட்டால் அதுவும் போய்விடும். ஆகவே அம்மா விரும்பிப் போகும் வகுப்பே நல்ல வகுப்பு. நீங்கள் இரண்டு மூன்றைப் பொறுக்கிக் கொடுங்கள். கடைசி முடிவை அவரிடம் விடுங்கள். "வயதாகிவிட்டது, தாய்ச்சிக்குப் போங்கள்" என்றால் மறுப்பார். "இன்னும் பல தைப்பூசத்துக்குப் படி இறங்க வேண்டும் அம்மா" என்று சொல்லிப் பாருங்கள்.