உறங்கும்போது இதயம் என்ன செய்கிறது?

இரவு மணி இரண்டு. வல்லத்திராக்கோட்டையில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அயர்ந்து உறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெருநாய் குரைக்கிறது. அவர் புரண்டு படுத்து மீண்டும் உறங்கிவிடுகிறார். காலையில் கேட்டால், "நான் விழிக்கவே இல்லையே!" என்பார். ஆனால் அவர் சிறிது விழித்தார் என்பதை அவருடைய இதயத் துடிப்பைப் பதிவு செய்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஓர் எளிய சோதனை. கைநாடியில் விரல் வைத்து, மெதுவாக மூச்சை இழுத்து, மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது தணிவதையும் உணரலாம். இளம் வயதினருக்கு இது நன்கு தெரியும். ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847இல் இதை ஆராய்ந்து எழுதினார்.

ஆக, நிமிடத்திற்கு 60 துடிப்பு என்றால், கடிகாரம்போல் விநாடிக்கு ஒன்று என்று பொருளல்ல. ஓர் இடைவெளி 0.9 விநாடி, அடுத்தது 1.1 விநாடி என மாறிக்கொண்டே இருக்கும். இதுவே 'இதயத் துடிப்பு வேறுபாடு'. மூச்சோடு இசைந்த இந்த ஏற்ற இறக்கம் நோயன்று.

இதற்குக் காரணம் என்ன? நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால், ஓய்வில்கூட இதயம் நிமிடத்திற்குச் சுமார் 100 முறை துடிக்கும். வண்டி மாட்டுக்கு மூக்கணாங்கயிறுபோல, வேகஸ் நரம்பு அதை இழுத்துப் பிடிக்கிறது. பரிவு நரம்புகளோ தார்க்குச்சிபோல விரட்டுகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் கயிற்றின் பிடி ஓங்கும். துடிப்பு குறைந்து சீராகும். கனவு மிகுந்த உறக்கத்தில் துடிப்பு ஒழுங்கின்றி ஏறி இறங்கும்.

இடையே நாய் குரைத்தால்? மூளையின் மின்னலைகள் சில விநாடிகள் விழிப்பு நிலைக்குத் தாவுகின்றன. இதுவே 'கணநேர விழிப்பு'. அப்போது கயிறு தளர்கிறது. இதயம் சில துடிப்புகள் விரைந்து, பின்பு தணிகிறது. மூளை அலைகளில் மாற்றம் தெரிவதற்குச் சற்று முன்பே இதயம் விரையத் தொடங்குவதும் உண்டு! இத்தகைய விழிப்புகள் நலமுள்ளவர்களுக்கும் இரவில் பலமுறை வரும். கவலை வேண்டாம்.

ஆனால் சிலருக்கு இவை அளவு மீறுகின்றன. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்ப, பெருங்குறட்டையுடன் மூச்சு திரும்புகிறது. அடைப்பின்போது இதயம் மந்தமாகும். மூச்சு திரும்பியதும் பாயும். இந்த ஊசலாட்டம் இதய மின்பதிவில் தெரிவதை 1984இல் கில்லெமினோவும் அவருடைய குழுவினரும் விளக்கினர். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டால் அது கடுமையான நிலை. ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை! உறங்கியவருக்கோ ஒன்றும் நினைவிராது. பகலில் தூங்கி வழிவார். வண்டி ஓட்டுபவராயின் உயிருக்கே ஆபத்து. இரத்த அழுத்தமும் உயரக்கூடும்.

இன்றைய கைக்கடிகாரங்கள் சில, தோலில் ஒளியைப் பாய்ச்சி நாடியைக் கணிக்கின்றன. அவை காட்டும் எண்ணை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய வேண்டாம். அருகில் உறங்குபவரின் கண்ணும் காதும் இங்கே பெரிதும் உதவும். உங்கள் வீட்டில் யாருக்கேனும் குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறலோடு திரும்பினால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உறக்கப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு.