வெளிச்சம் பாடுகிறது!

வெளிச்சத்தைக் கண்ணால் காண்கிறோம். காதால் கேட்க முடியுமா? முடியும். அதற்கு வேண்டிய கருவியை ஒரு சாயங்காலப் பொழுதுக்குள் நம் வீட்டுப் பிள்ளைகளே செய்துவிடலாம். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் தொல்லைகூட இல்லை.

இக்கருவிக்கு உயிர்நாடி 40106 என்ற எண்ணுள்ள 'ஐ.ஸி.' சில்லு. புளியங்கொட்டையைவிடச் சற்று நீளமான கறுப்புத் துண்டு. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு கால்கள். அமெரிக்காவில் ஆர்.ஸி.ஏ. கம்பெனியார் 1968-ல் ஆரம்பித்த 4000 வரிசையைச் சேர்ந்தது. தர்க்க வேலைக்கென்றே ஏற்பட்ட வரிசையாதலால் இதற்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டுதான்: 'உண்டு', 'இல்லை'. அதிலும் விதண்டாவாதக்காரரின் சுபாவம்! நாம் 'உண்டு' என்றால் அது 'இல்லை' என்னும். 'இல்லை' என்றால் 'உண்டு' என்னும். இப்படிப்பட்ட ஆசாமிகள் ஆறு பேர் ஒரே சில்லுக்குள் குடித்தனம் செய்கிறார்கள்.

ஆனால் இவர்கள் சஞ்சல புத்திக்காரர்கள் அல்லர். உள்ளே வரும் மின் அழுத்தம் ஒரு மேல் எல்லையைத் தாண்டினால்தான் மனம் மாறுவார்கள். பிறகு ஒரு கீழ் எல்லைக்கு இறங்கினால்தான் பழைய பேச்சுக்குத் திரும்புவார்கள். இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவர் ஆட்டோ ஷ்மிட் என்னும் அமெரிக்கர். 1934-ல் அவர் மாணவர். கணவாயின் நரம்பில் செய்தி ஓடும் விதத்தை ஆராயப் புகுந்தவர், அந்த நரம்பைப்போல் நடந்துகொள்ளும் சுற்று ஒன்றை வால்வுகளைக் கொண்டு அமைத்தார். கடல் பிராணியின் நரம்பு எங்கே, நம் கூடத்தில் எழும் ரீங்காரம் எங்கே!

ரீங்காரம் பிறக்கும் ரகசியம் இதுதான். சில்லு சொல்லும் பதிலை அதன் வாய்க்கே திருப்பிவிடுகிறோம். வாயருகே ஒரு 'கெபாஸிட்ட'ரை வைக்கிறோம். 'உண்டு' என்ற பதிலால் அது குடம்போல் நிரம்புகிறது. நிரம்பியதும் சில்லு 'இல்லை' என்கிறது, குடம் வடிகிறது. வடிந்ததும் மறுபடி 'உண்டு'. விநாடிக்குச் சில நூறு தடவை இது நடந்தால் நமக்கு ஸ்வரமாகக் கேட்கிறது.

குடத்துக்குக் குழாய் 'எல்.டி.ஆர்.' என்னும் ஒளி உணரி. காட்மியம் ஸல்பைடு என்ற பொருளால் ஆனது. இருட்டில் பத்து லட்சம் ஓம் அளவுக்கு மின்சாரத்தைத் தடுக்கும். நல்ல வெளிச்சத்தில் ஆயிரம் ஓமுக்குக் குறைந்துவிடும். ஆகவே வெளிச்சம் ஏறினால் சுருதி ஏறும். உள்ளங்கையால் மறைத்தால் இறங்கி, இறங்கி, வெறும் 'டக், டக்' ஆகிவிடும்.

துளைப் பலகையில் சில்லைப் பொருத்தி, 14-வது காலை 9 வோல்ட் பாட்டரியின் நேர்முனையுடனும், 7-வது காலை எதிர்முனையுடனும் இணையுங்கள். 1-க்கும் 2-க்கும் இடையே ஒளி உணரி. 1-லிருந்து எதிர்முனைக்கு 0.1 மைக்ரோபாரட் கெபாஸிட்டர். 2-லிருந்து ஒரு லட்சம் ஓம் தடை வழியாகப் பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கம்பி; அப்பெட்டியின் மற்றக் கம்பி எதிர்முனைக்கு. சும்மா இருக்கும் 3, 5, 9, 11, 13 கால்களையும் எதிர்முனையில் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேலையற்ற வாய்கள் எதையாவது உளறிக்கொண்டிருக்கும். சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. இவ்விஷயத்தில் பெற்றோர் கண்டிப்பாயிருப்பது அவசியம்.

இதைச் சங்கீதம் என்று வித்வான்கள் ஒப்ப வேண்டுமென்று நாம் வாதாடவில்லை. ஆயினும் நிக்கோலஸ் காலின்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர், கையால் செய்யும் இத்தகைய கருவிகளைப் பற்றியே 2006-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நம் வீடுகளில் இன்று பாடுகிற, பேசுகிற பெட்டிகளுக்குக் குறைவில்லை. அவற்றின் உள்ளே நடப்பது என்னவென்று குழந்தை கேட்டால்தான் பெரியவர்கள் விழிக்கிறோம். இந்தப் பெட்டி விஷயத்தில் குழந்தை நமக்கே விளக்கிச் சொல்லும்.

முதல் குரல் எழுந்தபின் 3, 4-வது கால்களில் இரண்டாவது குரலை அமையுங்கள். 3-வது கால் எதிர்முனையில் கட்டியிருப்பதை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். கெபாஸிட்டர் பெரிதானால் குரல் தடிக்கும். பிறகு அறை விளக்கை அணைத்து, ஒரு மெழுகுவர்த்தியைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். சுடர் நடுங்கும்போதெல்லாம் இரண்டு குரல்களும் நடுங்கும்.