ஒரு துணுக்குத் திசுவில் ஒரு சிறு குடல்



ஆய்வுக்கூடத்தில் மனித உறுப்பை வளர்க்கிறார்களாமே, அதற்குக் கருவை அழிக்கிறார்களா என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் 2009இல் சுண்டெலியின் குடலிலிருந்து ஒரேயொரு ஸ்டெம் செல்லை எடுத்து, ஜெல்லி போன்ற பொருளில் வளர்த்தார்கள். அது பெருகி, குடலின் உட்சுவரைப் போன்ற நுண்ணிய உருண்டையாயிற்று. இதுவே ஆர்கனாய்டு. 2011இல் மனிதத் திசுவிலும் கைகூடிற்று. முழு உறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அதில் இரத்தக் குழாய்கூடக் கிடையாது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் அணுக்கள் உப்பையும் நீரையும் சரியாகக் கடத்துவதில்லை. சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கிறது. அந்நோயுள்ள பிள்ளையின் மலக்குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து இவ்வுருண்டைகளை வளர்க்கிறார்கள். ஃபார்ஸ்கோலின் என்ற பொருளை இட்டால் ஆரோக்கியமானவரின் உருண்டை நீர் கோத்து வீங்கும். இந்தப் பிள்ளையினுடையது வீங்காது, அல்லது சற்றே வீங்கும். சிகிச்சை மருந்தைச் சேர்த்தபின் நன்கு வீங்கினால், அம்மருந்து அப்பிள்ளைக்கு உதவக்கூடும் என்று எதிர்பார்க்கலாம். பெரிய மருந்துச் சோதனைகளில் இடம்பெறாத அரிய வகை நோயாளிகளுக்கு இது எவ்வளவு ஆறுதல்!

இதில் கரு எதுவும் அழிக்கப்படுவதில்லை. ஆனால் வேறு சில ஆர்கனாய்டுகள் கருவிலிருந்து பெற்ற அணுக்களாலும் வளர்க்கப்படுகின்றன. அதையும் உங்களுக்கு மறைக்க நாங்கள் விரும்பவில்லை.