மூக்குக் குழாயைக் கண்டு கலங்க வேண்டாம்

பாரிசவாதம் வந்து படுத்திருப்பவரைப் பார்க்க நம்மவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பிளாஸ்கில் சூப், சிறு போத்தலில் ஸம்ஸம் தண்ணீர் என்று ஏதாவது இருக்கும். மூக்கில் குழாயைக் கண்டதும், "பாவம், தொண்டை காய்ந்திருக்கும், ஒரு கரண்டி கொடுத்தால் என்ன?" என்று மனம் பதறும். தாதி அப்பால் போனதும் கரண்டி வாய்க்குள் போய்விடும். அன்பினால் செய்யும் இந்தக் காரியம் ஆளின் உயிருக்கே உலை வைக்கலாம்.

நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் தானாக மூடிக்கொள்கிறது. பாரிசவாதம் மூளையைத் தாக்கினால் இந்த ஒழுங்கு குலைகிறது. ஆரம்ப நாட்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இச்சிரமம் உண்டு. உணவு நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியாவை உண்டாக்கும். புரைக்கேறினால் இருமுவார்தானே என்று எண்ணாதீர்கள். சிலருக்கு இருமலே வராது. வெறும் தண்ணீர் வேகமாக ஓடுவதால் அது இன்னும் ஆபத்து. தாதியிடம் கேட்டு, நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் உதட்டை ஈரப்படுத்தலாம், அது போதும்.

குழாய் போட்டால் "இனி அவ்வளவுதான்" என்று அழுபவர்களும் உண்டு. அது தவறு. பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் சக்தி திரும்புகிறது. நீண்டகாலம் தேவைப்பட்டால் வயிற்றில் சிறு துவாரமிட்டுக் குழாய் வைப்பார்கள். ஆனால் அதற்கு அவசரம் கூடாது. முதல் சில வாரங்களுக்கு மூக்குக் குழாயே மேல் என்பதை 2005இல் வெளியான பெரிய சர்வதேச ஆய்வொன்று காட்டியது.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் பொறுப்பு மகளின் அல்லது மருமகளின் தலையில்தான் விழும். (மகன்மாரும் பழகிக்கொண்டால் என்ன?) ஊட்டுமுன், மூக்கருகே குழாயில் இட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு துளியும் விடாதீர்கள். கழன்ற குழாயை நீங்களே உள்ளே தள்ளவும் வேண்டாம். வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். தலையையும் நெஞ்சையும் 30 பாகைக்குக் குறையாமல் உயர்த்தி வைத்து, சிரிஞ்சை உயரப் பிடித்து, உணவைத் தானாக இறங்க விடுங்கள். முடிந்ததும் சுமார் 30 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, ஒரு மணித்தியாலமாவது அப்படியே சாய்த்து வைத்திருங்கள். நன்றாக வடிகட்டாத கஞ்சி குழாயை அடைத்துவிடும். எவ்வளவு, எத்தனை தடவை என்பதை வீட்டுக்கு வருமுன்பே எழுதி வாங்குங்கள். எல்லா மாத்திரைகளையும் பொடியாக்கலாம் என்றில்லை. மெதுவாகக் கரையும்படி செய்தவற்றை இடித்தால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

வாயால் உண்ணாதவருக்கு வாய் கழுவத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம். அங்கே பெருகும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது. காலையும் மாலையும் மென்மையான பிரஷால் பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்யுங்கள். மறுபடி வாயால் கொடுப்பது, விழுங்குவதைச் சோதித்து வைத்தியர் சொன்ன பிறகுதான். முதற்கரண்டி எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.